சின்னவளின் மணிக்கட்டு

அந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே கோல்கீப்பர்கள், அதுவும் ஒரே அணியில். நிற்க இடமோ ஒன்றுதான். அம்மாவுக்கு இதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை. “எவ நின்னா என்ன, கோல் கம்பம் நம்ம வீட்டுலதானே இருக்கு” என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்ப்பவள் அவள். வார்டு வார்டாகத் தட்டு நிரப்புகிற மாதிரி, பெற்ற பெண்களுக்கும் எதையும் சரிசமமாகப் பரிமாறிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பெரியவளே, சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள். கிளப்பிலும் அதுவே பெயராகிவிட்டது.

பெரியவளுக்கு சோபா பட்டறையில் வேலை. மரச்சட்டத்தில் பஞ்சை ஒட்டி, மேலே ரெக்சினை இழுத்துப் பிடித்து, ஓரம் முழுக்கப் பட்பட்டென்று பின் அடித்துக்கொண்டே போகவேண்டும். தளர்த்தினால் சுருக்கம் விழும், அதிகம் இழுத்தால் மூலை கிழியும். முதலாளி யாரையும் வாய்விட்டுப் பாராட்டுகிற ஆள் இல்லை. ஆனாலும் மூலை மடிப்பு என்று வந்துவிட்டால், “அவ கைல குடுங்கப்பா” என்பார். பகலெல்லாம் ரெக்சின், சாயங்காலம் ஆனால் பந்து. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் அம்மாவே, “அவளுக்கு நேரம் எங்க இருக்கு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கிளப் சின்ன லீக்குகளில் அல்லாடிக்கொண்டிருந்த காலம் முழுக்கக் கோலில் நின்றது பெரியவள்தான். சேறு, மேடு பள்ளம், வலை இல்லாத கம்பம், எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. அவள் பயிற்சிக்குப் பந்து உதைத்துப் போட ஆள் வேண்டுமே என்று கூடவே இழுத்துக்கொண்டு போனதுதான் தங்கையை. உதைத்து உதைத்துச் சின்னவளுக்குக் கால் தேறிவிட்டது. பிறகு, நானும் நிற்கிறேன் என்றாள். நின்றாள். பார்த்தால் கையும் தேறியிருந்தது.

ஒரு வழியாகக் கிளப் தேசியப் பெண்கள் லீக்குக்குள் நுழைந்தது. முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச்சம்மா பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

“உன் கைய நான் குறை சொல்லல. ஆனா மேல லீக்ல கீப்பருக்குக் காலும் வேணும். சின்னவ நிக்கட்டும்.”

“சரி, கோச்சம்மா” என்றாள் பெரியவள். அப்புறம் உடைமாற்றும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வரும்போது முகம் தெளிவாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தங்கைக்குப் பந்து உதைத்துப் போட்டு உடம்பைச் சூடேற்றுவது அவள் வேலையாயிற்று. விசில் ஊதியதும் பெஞ்சில் போய் உட்காருவாள். “மறுபடி சோபாவுக்கே வந்தாச்சா, அக்கா?” என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் சீண்டுவார்கள். அவளும் சிரிப்பாள். தங்கை பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் முதலில் எழுந்து கை தட்டுவதும் அவள்தான். அந்தக் கைதட்டலில் பொய் இல்லை.

ஆனால் வேறொன்றும் இருந்தது. ஒரு தடவை எதிரணிக்காரி தனியாகப் பந்தோடு ஓடி வந்தபோது, பெரியவளுக்குள் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்து, ‘போகட்டும், உள்ள போகட்டும்’ என்றது. சின்னவள் பந்தைத் தடுத்துவிட்டாள். பெரியவள் தன் வயிற்றில் பாம்பு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டவள் மாதிரி ஆனாள். அதற்கப்புறம் தங்கைமேல் முன்னைவிடப் பிரியமாக இருந்தாள். ஷூவைத் துடைத்து வைத்தாள், கையுறையை அலசிக் காயப்போட்டாள். “இது என்னடி புதுசா?” என்று அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

சீசன் சரியாகப் போகவில்லை. கடைசி இரண்டு இடத்தில் முடிக்கிறவர்கள் கீழ் லீக்குக்கு இறங்கவேண்டும். அந்த இரண்டு இடத்தை ஒட்டியே இவர்கள் உரசிக்கொண்டிருந்தார்கள். வெளியூரில் ஓர் ஆட்டம். கார்னரில் வந்த பந்தைக் குத்தித் தள்ளப்போன சின்னவள், கூட்டத்தில் மோதிக் கையை ஊன்றி விழுந்தாள். எழுந்தாள், கையை உதறினாள், ஆட்டத்தை முடித்தாள். தோற்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் பாட்டும் கூத்துமாக இருக்க, அவள் மட்டும் ஜன்னலோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இங்க தொட்டா உயிர் போகுதுக்கா” என்று கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற குழியைக் காட்டினாள்.

“டாக்டர்கிட்ட காட்டு.”

“காட்டினா உக்கார வெச்சிருவாங்க. சுளுக்குதான், தானா சரியாயிரும். நீ கோச்சம்மாகிட்ட சொல்லிராத.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “நீ எப்படிச் சொல்லுவ? சொன்னா நீதான் நிக்கணும்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சொன்னவளுக்கு அது பஸ் இறங்கும்போதே மறந்துகூடப் போயிருக்கும். பெரியவளுக்கோ, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த பாம்பை எல்லோருக்கும் நடுவில் யாரோ வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிய மாதிரி இருந்தது.

“நான் ஏன்டி சொல்லப்போறேன்?” என்றாள் வெடுக்கென்று.

மறுநாளிலிருந்து கட்டுப் போடுகிற வேலையும் அவளுடையதாயிற்று. மருந்துக்கடையில் அகல டேப் வாங்கி வந்தாள். கட்டைவிரலைச் சுற்றி, மணிக்கட்டில் குறுக்காக இழுத்து, மறுபடி விரலுக்கு ஏற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல் இறுக்கினாள். ரெக்சினை இழுத்துப் பழகிய கை அது. மேலே கையுறை போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. “உன் கட்டு இருந்தா வலியே தெரியலக்கா” என்று சின்னவள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

வலி தெரியவில்லை என்பது ஆட்டத்தில் மட்டும்தான். வீட்டில் அவளால் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. இடது கையால் பல் தேய்த்தாள். அம்மா ஒருநாள் கவனித்துவிட்டு, “கைல என்னடி?” என்று கேட்டாள். “சுளுக்கும்மா” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்லா ஒத்திகை பாத்து வெச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுத் தைலத்தை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. சுளுக்கு இத்தனை வாரம் இருக்காது. கட்டை அவிழ்க்கும்போது அந்த இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வீங்கியிருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒருநாள் கோச்சம்மாவின் அறை வாசல் வரை போனாள். கோச்சம்மா ஆட்டப் பலகையில் ஆளுக்கொரு வில்லையாக நகர்த்தி நகர்த்தி வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

பெரியவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். சொன்னால் கோச்சம்மா என்ன நினைப்பாள்? பிள்ளைகள் என்ன பேசுவார்கள்? இடத்தைப் பிடிக்கத் தங்கையையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பார்கள். அதைவிட மோசம், அது பொய் என்று அவளால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

“ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்து வலை ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு.”

“தெரியும்” என்றாள் கோச்சம்மா, தலையைத் தூக்காமல்.

வெளியே வந்தவளுக்கு ஒரு நிம்மதி. தன் ஆசையைத் தானே அடக்கிவிட்ட நிம்மதி. தங்கைக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததாகவே எண்ணிக்கொண்டாள். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. தூரத்திலிருந்து உதைத்த பந்து, ஒன்றும் பிரமாதமான அடி இல்லை. சின்னவள் சரியான இடத்துக்குத்தான் பாய்ந்தாள், கையும் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பந்து பட்டதும் கை கதவு மாதிரிப் பின்னால் திறந்துகொண்டது. பந்து உள்ளே. எதிரணி கூச்சல் போட்டுக் கொண்டாடியது. சின்னவள் புல்லில் முழங்காலிட்டு, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

பெரியவள் பெஞ்சிலிருந்து ஓடினாள். பாதி தூரத்தில் கோச்சம்மாவின் குரல் பின்னால் துரத்தியது. “நீ எங்க போற? கிளவுஸ மாட்டு!”

தங்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவள் கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றாள். எத்தனை நாள் இந்த இடத்துக்காக ஏங்கியிருப்பாள்! கால் தரையில் பாவவில்லை. இன்னும் இரண்டு கோல் வாங்கினாள்.

ஆட்டம் முடிந்து பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா அங்கே இருந்தாள், எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். மணிக்கட்டில் முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு, அது உடைந்திருக்கிறது என்றார். இன்றைக்கு உடைந்தது இல்லை, வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அப்போதே மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருந்தால் அநேகமாகச் சேர்ந்திருக்கும். இப்போது ஒரு பாதி செத்துப்போயிருக்கிறது. ஆபரேஷன் செய்து, வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்து, திருகாணி போட்டுப் பார்க்கவேண்டும்.

“மறுபடி ஆடுவாளா?” என்று அம்மா கேட்டாள்.

“அன்றாட வேலைக்குக் கை கிடைச்சாலே நல்லதுன்னு நெனைங்கம்மா. பந்து பிடிக்கிறதெல்லாம் சந்தேகந்தான்.” பிறகு, வெட்டி எடுத்த பின்னும் கையின் வடிவத்திலேயே மேசைமேல் கிடந்த டேப் கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “யார் போட்டது? ரொம்ப நேர்த்தியா போட்டிருக்காங்க. இதனாலதான் இவ்வளவு நாள் ஆட முடிஞ்சிருக்கு.”

பாராட்டாகத்தான் சொன்னார். பெரியவள் நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சீசன் யாருக்காகவும் நிற்காதே. அடுத்த வாரம் ஆட்டம், அதற்கடுத்த வாரம் ஆட்டம். கிளப்பில் வேறு கீப்பர் இல்லை. முதல் ஆட்டத்தில் பெரியவள் தடுமாறினாள். இரண்டாவதில் பரவாயில்லை. மூன்றாவதில் ஒரு பெனால்டி வந்தது. உதைக்கிறவளின் இடுப்பைப் பார்த்தே பக்கத்தைக் கண்டுபிடித்துப் பாய்ந்தாள். பந்து உள்ளங்கையில் அறைந்து வெளியே போனது. பிள்ளைகள் ஓடி வந்து மேலே விழுந்தார்கள். அடியில் நசுங்கிக் கிடந்த பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ காலமாக அப்படிச் சிரித்ததில்லை. எழுந்து நின்றபோதுதான் தங்கை ஞாபகம் வந்தது. ‘சந்தோஷமா இருக்கேனே, நான் என்ன ஜென்மம்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மிச்ச ஆட்டம் முழுவதும் பந்து இந்தப் பக்கமே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஆபரேஷன் முடிந்து, முழங்கை வரை கட்டோடு சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒருநாள் காலையில் ஒற்றைக் கையால் தலையை வாரிக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்துப் பெரியவள் சீப்பை வாங்கக் கை நீட்டினாள்.

“குடு, நான் பின்னிக் கட்டிவிடறேன்.”

“நீ கட்டினவரைக்கும் போதும்.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. “நீதானேடி சொல்லாதன்ன?”

“நான் சொல்லுவேன். எனக்கு ஆடணும், அதனால சொல்லுவேன். நீ ஏன் கேட்ட? வேற எதுலயாவது நான் சொன்னத கேட்டிருக்கியா நீ?”

“சொன்னா, எடத்தப் புடிக்கத்தான் சொன்னேன்னு எல்லாரும்…”

“எல்லாருமா? நானா?”

பெரியவள் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

“நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்” என்றாள் சின்னவள். “உன்னக் கண்டபடி திட்டியிருப்பேன். ஒரு மாசம் உங்கூடப் பேசியிருக்க மாட்டேன். ஆனா கை இருந்திருக்கும்ல? நீ நல்லவன்னு பேர் வாங்கறதுக்கு என் கைதான் கெடச்சுதா?”

சீப்பு கீழே விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரியவள் நேராகக் கோச்சம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பஸ்ஸில் பேசியது, கட்டுப் போட்டது, வலை கிழிந்திருக்கிறது என்று பேச்சை மாற்றியது எல்லாம். திட்டுவாள், அணியைவிட்டே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோச்சம்மா விசிலை விரலில் சுற்றினாள். “அவ பந்தக் கெட்டியாப் புடிக்காம தள்ளித் தள்ளி விடறத நானும் பாத்தேன். கேட்டேன். சுளுக்குன்னா. நம்பறது எனக்கும் வசதியா இருந்துச்சு” என்றாள். “ஜெயிக்கணுமே. போ, போய்ப் பந்த எடுத்து வை.”

பாரத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில் இன்னொருத்தியின் பாரத்தையும் பார்த்துவிட்டு வந்ததுதான் மிச்சம். தன் பங்கு அதனால் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை என்பது வீடு வந்து சேரும்போது தெரிந்துபோனது.

கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், லீக்கில் தங்கிவிடலாம் என்ற நிலை. பட்டறை முதலாளிகூட வந்திருந்தார், பந்தாட்டம் பார்க்க அல்ல, தன் ஆள் எதற்கு இத்தனை நாள் லீவு கேட்கிறாள் என்று பார்க்க. எதிரணி ஆட்டம் முழுக்க இந்தப் பக்கமே முட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் குத்தினாள், தள்ளினாள், ஒரு தடவை முகத்தாலேயே தடுத்தாள். மூக்கில் ரத்தம். கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. அணி தப்பித்தது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். முதலாளி யாரிடமோ, “நம்ம பட்டறைப் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சின்னவள் போனில் ஆட்டத்தைப் பார்த்திருந்தாள். அக்கா உள்ளே வந்ததும் வீங்கிய மூக்கைப் பார்த்தாள்.

“ரெண்டாவது கார்னருக்கு லேட்டா வெளிய வந்த” என்றாள்.

“ஆமா.”

“அவ தலையில சரியாப் பட்டிருந்தா கோல்தான்.”

“ஆமாடி.”

பல நாளுக்கப்புறம் அவளாக எடுத்த பேச்சு அது. அதற்குமேல் ஒன்றும் இல்லை, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பெரியவளிடம் கொடுத்தாள். எப்போதும் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசுகிறவள், அன்று யாரிடமும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

கட்டைப் பிரித்தபோது சின்னவளின் கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. மணிக்கட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வீட்டில் ஒருத்தர் தினமும் பிடித்து மடக்கிவிடவேண்டும், வலிக்கும், ஆனாலும் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் அம்மா பிடித்தாள். பெண் ‘அம்மா’ என்று கத்தியதும் கையை விட்டுவிட்டுத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது நாளும் அதே கதை. மூன்றாவது நாள் சின்னவள் எழுந்து வந்து, பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் உட்கார்ந்து, மேசைமேல் கையை வைத்தாள்.

“உன்மேல கோபம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத” என்றாள். “அம்மாவால முடியல. அதான்.”

“நெனைக்கல.”

“வலிச்சா சொல்லுவேன். சொன்னா நிறுத்தணும்.”

“சொல்லு. நிறுத்தறேன்.”

பெரியவள் இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தாள். கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

“வலிக்குது” என்றாள்.

பெரியவள் அங்கேயே நிறுத்தினாள், விடாமல், மேலே தள்ளாமல். சின்னவளின் மூச்சு சீராகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

“ம். இப்ப இன்னொரு தடவ” என்றாள் சின்னவள்.